போட்டோக்காரரின் கூச்சம்

ரங்கூனில் அவரைப்போல் வழிவிட்டு நடந்த மனிதரை நான் பார்த்ததில்லை. எதிரே ஆள் வந்தால் ஒதுங்குவார். மாடு வந்தாலும் ஒதுங்குவார். யாருமே வராதபோதும் வீதியின் ஓரத்திலேயே, வேறு யாருடைய இடத்திலோ அனுமதியில்லாமல் நடப்பதுபோல நடப்பார். தோளில் கேமராப் பெட்டி தொங்கும். கக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டு. கூட்டத்தில் அந்த ஸ்டாண்டு யார் மேலாவது இடித்துவிட்டால் அவர் கேட்கும் மன்னிப்பு, இடி வாங்கியவருக்கே சங்கடமாகிவிடும். அவ்வளவு நீளமாகக் கேட்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நானும் அவரும் ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்தோம். அவர் படம் எடுப்பார். நான் முன்கட்டில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவேன். ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடித் தகடுகளில் பென்சிலால் டச்சப் வேலை செய்வேன். பசுந்தாங் பேட்டையில், ஓடைக்கு அருகே ஒரு மாடி அறையில் இருவரும் ஒன்றாகக் குடியிருந்தோம். அவருக்கு அப்போது நாற்பது இருக்கும், எனக்கு இருபத்தைந்து. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் கூசிப்போவார்.

அறைக்குள்ளும் அப்படித்தான். நான் சட்டை மாற்றினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். சாப்பிடும்போது தட்டை மடியோடு ஒட்டி வைத்துக் குனிந்து சாப்பிடுவார். ஒரு மழை நாளில் மாடி ஜன்னலருகே நின்று பேசிக்கொண்டிருந்தோம். கீழே கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு குமாஸ்தா சேற்றில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். நான் சிரித்துவிட்டேன். போட்டோக்காரர் சட்டென்று என் தோளைத் தொடாமல், சட்டையின் நுனியை மட்டும் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வாங்க தம்பி, இந்தப் பக்கம் வந்துருங்க. அவர் எழுந்திரிச்சு மேல பாத்தா நம்ம மூஞ்சி தெரியும். யாரும் பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டே போகட்டும்."

இப்படிப்பட்ட மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'நல்ல மனுஷன், கூச்ச சுபாவம்' என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

முதலாளிக்கு மட்டும் அது பெரிய தொல்லையாக இருந்தது. கப்பலில் வந்து இறங்கும் பயணிகள் ரங்கூன் வீதிகளின் படம் போட்ட கார்டுகளை விரும்பி வாங்குகிறார்கள் என்று அவர் கண்டுகொண்டிருந்தார். பகோடா என்கிற புத்தர் கோயிலும் ஏரியும் எல்லாக் கடையிலும் கிடைத்தன. ஜனங்கள் வேண்டும் என்றார். மீன் விற்கிறவள், லஞ்சா என்கிற கைரிக்‌ஷா இழுக்கிறவன், பகோடாப் படிக்கட்டில் பூ விற்கிற பெண்கள், விளக்குத் திருவிழாவில் முண்டியடிக்கிற கூட்டம். அதற்காகவே மடக்கி வைக்கிற ஒரு கைக்கேமராவை வாங்கி இவர் கையில் கொடுத்தார். ஸ்டாண்டு வேண்டாம், கறுப்புத் துணி வேண்டாம், பார்த்ததும் அமுக்கிவிடலாம்.

அவரால் பார்த்ததும் அமுக்க முடியவில்லை. முதலில் கேட்பார். கேட்பதற்கு முன்னால் எதிரே போய் நின்று, கேட்கலாமா என்று யோசிப்பார். சந்தையில் ஒரு வெற்றிலைக்காரி முன்னால் அவர் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து, அந்த அம்மாள் வெற்றிலையை மடித்து நீட்டிவிட்டாள். அவருக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. வாங்கி மென்றுகொண்டே திரும்பி வந்துவிட்டார். படம் எடுக்கவில்லை.

கேட்டால் என்ன ஆகும்? ஜனங்கள் மாறிப்போவார்கள். பகோடாப் படியில் பிச்சை எடுக்கும் ஒரு கிழவரிடம் கேட்டிருக்கிறார். கிழவர் சந்தோஷப்பட்டு, இருங்கள் என்று சொல்லி, பக்கத்துக் கடையில் சீப்பை இரவல் வாங்கித் தலைவாரி, திருவோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்து முதலாளி கத்தினார்.

"இதென்னய்யா, ஜமீன்தாரா? பிச்சைக்காரன்னு யாரு நம்புவா?"

"அவரு அப்படித்தாங்க தெரியணும்னு ஆசைப்பட்டாரு."

"அவன் ஆசையை எவன்யா காசு குடுத்து வாங்குவான்?"

 கிழவருக்கு ஒரு பிரதி வேண்டும் என்று மட்டும் போட்டோக்காரர் மெல்லக் கேட்டார். கொண்டுபோயும் கொடுத்தார்.

எங்கள் அறையிலிருந்து இறங்கினால் பசுந்தாங் சந்தை. அதன் ஓடைப்பக்க மூலையில் டோ மியா என்ற பர்மியப் பெண்மணி நாப்பி விற்றாள். நாப்பி என்பது அந்த ஊர் மீன் பசை. அதன் வாடை தெருமுனை வரைக்கும் வரும், டோ மியாவின் குரல் அதையும் தாண்டி வரும். அவள் பக்கத்தில் நம்மூர்ப் பெண் ஒருத்தி அடுப்பு வைத்துப் பருப்பு வடை சுட்டாள். பர்மியர்கள் அதைப் பயாஜோ என்று கேட்டு வாங்குவார்கள். பெயர் செங்கமலம். ஐந்தாறு வயதில் ஒரு பெண் குழந்தை எப்போதும் அவள் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

செங்கமலம் எந்நேரமும் முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டு, காதையும் கன்னத்தையும் மூடியே இருப்பாள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் அப்படி உட்காருவது எவ்வளவு வேக்காடு! அடக்கமான பெண் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். இவர் ஒருநாள் போய் நின்று, யோசித்து, ஒருவழியாகக் கேட்டார்.

"ஒரு படம் எடுத்துக்கலாங்களா?"

"வேணாங்கய்யா."

"சரிங்க. ரொம்ப நன்றிங்க."

எதற்கு நன்றி என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானைக்குள் சிரித்தாள். அதன்பின் தினமும் அவளிடம் வடை வாங்குவார். கேமராப் பெட்டியை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டுதான் வாங்குவார்.

பிறகு பர்மிய வருஷப் பிறப்பு வந்தது. அவர்கள் திங்யான் என்று சொல்லும் தண்ணீர்த் திருவிழா. சித்திரை வெயிலில் ஊரே தெருவுக்கு வந்து ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் வாரி இறைக்கும். தெரிந்தவர் தெரியாதவர் கிடையாது. அன்றைக்கு நானும் அவரோடு போயிருந்தேன். கைக்கேமராவை எண்ணெய்த் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். வண்டிகளில் பாட்டும் கூத்துமாகப் போன இளவட்டங்கள் எங்களை நனைத்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையைக் குனிந்து கும்பிட்டார். சந்தை மூலைக்கு வந்தபோது டோ மியா ஒரு தகர டின் நிறையத் தண்ணீரை எடுத்துச் செங்கமலத்தின் தலையில் அப்படியே கவிழ்த்தாள். அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது. புகை எழும்பியது. செங்கமலம் துள்ளி எழுந்தாள். முந்தானை விழுந்து தோளில் கிடந்தது. கையிலிருந்த சல்லிக் கரண்டியை ஓங்கிக்கொண்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பல்லையே அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்தில் 'கிளிக்' என்று ஒரு சத்தம்.

திரும்பினேன். அவர் கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். 

"கேட்டீங்களாண்ணே?"

"கேக்கலை தம்பி. கேட்டிருந்தா சிரிப்புப் போயிருக்குமே."

படம் அற்புதமாக வந்திருந்தது. இருட்டறையிலிருந்து அவர் அதை ஏந்திக்கொண்டு வந்த விதத்தை மறக்க முடியாது. தண்ணீர்த் துளிகள் அந்தரத்தில் நின்றன. புகைக்கு நடுவே அந்த முகம். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அவளுடைய இடது காது மடல் கீழே இரண்டாகப் பிளந்திருப்பது தெரிந்தது. எப்போதோ கிழிந்து, ஆறிப்போன பிளவு. அடைத்து டச்சப் செய்யட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். அது அவங்க காது. இருந்தபடியே இருக்கட்டும்" என்றார்.

முதலாளி ஒரே பார்வையில் கார்டு போடச் சொல்லிவிட்டார். துறைமுகத்துக் கடைகளிலும், பெரிய பஜாரிலும், எங்கள் ஸ்டூடியோவின் கண்ணாடி அலமாரியிலும் செங்கமலம் சிரித்தாள். அவளிடம் சொல்லவேண்டும், ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று அவர் தினமும் சொன்னார். பிரதியைப் பையில் வைத்துக்கொண்டே வடை வாங்கிவிட்டு வருவார். "நாளைக்குக் குடுக்கறேன். வேணாம்னு சொன்னவங்களை எடுத்துட்டோமே, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை." இப்படியே மழைக்காலம் வந்துவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் ஸ்டூடியோவுக்கு ஒருவர் வந்தார். நம்மவர்தான். எண்ணெய் வைத்து வாரிய தலை, காதில் கடுக்கன், சலவை வேட்டி. வாசலிலேயே குடையை உதறி மடக்கிவிட்டு மரியாதையாக உள்ளே வந்தார். அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இந்தப் படத்தை எடுத்தது யாருங்க? எவ்வளவு ஜீவன்! கண்ணை எடுக்க முடியலையே."

உள்ளேயிருந்து அவர் எட்டிப் பார்த்தார். வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சு காதில் விழுந்தால் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அன்று வெளியே வந்தார். வந்தவர் இரண்டு கைகளாலும் கும்பிட்டார். "அய்யாதானா? உங்க கைக்கு மோதிரம் போடணும்" என்றார். வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டார், தண்ணீர்த் துளி எப்படி நின்றது என்று கேட்டார். அவ்வளவு அக்கறையாக அவருடைய வேலையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர் அன்று பேசினார், பேசினார்.

"இது எந்த சந்தைங்க?"

"பசுந்தாங் சந்தை. ஓடைப் பக்கம் போனீங்கன்னா மூலையில நாப்பிக் கடை. அதுக்கு அடுத்தாப்பல. காலையில மட்டுந்தான் இருப்பாங்க. வடை ரொம்ப நல்லாருக்கும்."

வந்தவர் ஒரு கார்டு வாங்கிக்கொண்டு, மறுபடியும் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் எங்கள் அறையில் இவர் தனக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

மறுநாள் காலையில் வடை வாங்கப் போனபோது அடுப்பு கவிழ்ந்து கிடந்தது. மாவு மண்ணில் கொட்டியிருந்தது. ஜனங்கள் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். டோ மியாவின் கன்னத்தில் தனகா மரப்பட்டைப் பூச்சு ஒரு பக்கம் அழிந்திருந்தது; அந்தப் பக்கம் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பர்மிய பாஷையில்தான் பேசினாள். எங்கள் இருவருக்கும் நன்றாகப் புரியும்.

"புருஷன்காரன் வந்தான். நாலு ஆளோட வந்தான். ஆத்துக்கு அக்கரையில கியாக்தான்ல, வயல் கூலிக்கு ஆள் வைக்கிற மேஸ்திரியாம். ஒன்றரை வருஷமாத் தேடினானாம். காதைக் கிழிச்சவன் அவன்தான், தெரியுமா உங்களுக்கு? தோட்டைப் பிடிச்சு இழுத்துக் கிழிச்சான். புள்ளையை முதல்ல தூக்கினான், அப்புறம் அவ தானாப் பின்னாலயே போனா. நான் குறுக்கே போனேன். இதான் கிடைச்சது." கன்னத்தைக் காட்டினாள். "கையில ஒரு படம் வெச்சிருந்தான், ஸயா. அதை எல்லார்கிட்டயும் காட்டிட்டே வந்தான்."

ஸயா என்பது படித்தவர்களையும் தொழில் தெரிந்தவர்களையும் அவர்கள் மரியாதையாகக் கூப்பிடும் சொல். அவள் அதை அன்று சொன்ன விதத்தில் மரியாதை இல்லை.

அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கொட்டிக் கிடந்த மாவைக் கையால் வழிக்கத் தொடங்கினார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. நான்தான் தூக்கி நிறுத்தி அழைத்து வந்தேன்.

அதன்பின் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. கார்டு விற்கும் கடைகளுக்குள் போவார். அந்தப் படத்தை விற்காதீர்கள் என்று கேட்கத்தான் போவார். கேட்க வாய் வராது. கடைக்காரர் வேறு பக்கம் பார்க்கும்போது, அடுக்கில் இருக்கும் செங்கமலத்தை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பி, முகம் உள்பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். கடைக்காரர் பிறகு நிமிர்த்தி வைப்பார். இவர் மறுபடியும் போவார். முதலாளியிடம் கார்டை நிறுத்தச் சொல்லும்படி நான் சொன்னேன். முதலாளியின் அறை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கடைசியில் நானே போய்ச் சொன்னேன். தீர்ந்தபிறகு புதிதாகப் போடுவதில்லை என்று முதலாளி ஒத்துக்கொண்டார்.

மழை ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கியாக்தான் போய்ப் பாத்துட்டு வரலாமா தம்பி? அவங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கணும்" என்றார். நான் உடனே கிளம்பினேன். கேமராவை அறையிலேயே வைத்துவிட்டு வந்தார். லாஞ்சில் ஆற்றைக் கடந்து, ஓடை வழியாகப் போனோம். தண்ணீருக்கு நடுவே கோயில் தீவு தெரிந்தது. கூட வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேஸ்திரி வீடு எது என்று கேட்டதுமே வழி காட்டினார்கள். வயலை ஒட்டி மரக்கால்களின் மேல் நின்ற பெரிய வீடு. எங்களைக் கண்டதும் மேஸ்திரி ஓடி வந்தார். ஆமாம், ஓடித்தான் வந்தார்.

"அட, போட்டோக்கார அய்யா! வாங்க, வாங்க! உங்களாலதானே என் குடும்பம் ஒண்ணு சேந்துச்சு! சாப்பிடாமப் போகக்கூடாது. ஏய், யாரு வந்திருக்காங்க பாரு!"

எங்களை உட்கார வைத்து இலை போட்டார்கள். எதிர்ச் சுவரில் அந்தக் கார்டு ஆணியடித்து மாட்டியிருந்தது. மேலே காகிதப் பூமாலை. அதற்குக் கீழேதான் செங்கமலம் சோறு கொண்டுவந்து பரிமாறினாள். தலையில் முந்தானை இல்லை. இப்போது யாரிடமிருந்து மறைக்கவேண்டும்? ஒரு கையால் பரிமாறினாள். மற்றக் கையின் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. குழந்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. எங்களைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அவர் ஒவ்வொரு கவளத்தையும் விழுங்கினார். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் போடு, இன்னும் போடு என்று உபசரித்துக்கொண்டிருந்தார். பிறகு வெற்றிலை இல்லை என்று நினைவு வந்து, நல்ல வெற்றிலையாக வாங்கி வருகிறேன் என்று தானே கடைக்குக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் இவர் இலையை விட்டு எழுந்தார். எச்சில் கையோடு கும்பிட முடியாமல் தவித்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க தாயி."

செங்கமலம் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அதை வெச்சு நான் என்னங்கய்யா பண்றது? லாஞ்சு எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு" என்றேன் நான்.

"நானும் புள்ளையும் உங்ககூட வந்துர்றோம். அந்தாளு கடைக்குப் போனா பேச்சுல உக்காந்துருவாரு. பின்னால வரப்பு மேல நடந்தா சுருக்காத் துறைக்குப் போயிரலாம். தனியாப் போனா மேஸ்திரி பொண்டாட்டின்னு லாஞ்சுக்காரன் ஏத்த மாட்டான், ஒருதரம் திருப்பி அனுப்பிட்டான். ஆம்பளை நீங்க ரெண்டு பேர் கூட நின்னு, எங்களோட வர்றாங்கன்னு சொன்னாப் போதும். வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். கழுத்திலிருந்து நெற்றிவரை ரத்தம் ஏறியிருந்தது. உதடு அசைந்தது.

"அது எப்படிங்க... அவரு வீட்டுலயே சாப்பிட்டுட்டு... லாஞ்சுல அத்தனை ஜனம் இருக்கும்... அடுத்தவர் சம்சாரத்தை... பாக்கறவங்க என்ன நினைப்பாங்க..."

அவள் காத்திருந்தாள். அவர் முடிக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். நானும் இலையைப் பார்த்தேன். 

"சரிங்க" என்றாள் செங்கமலம். "மோர் ஊத்தட்டுமா?"

ஊற்றினாள். குடித்தோம். மேஸ்திரி வெற்றிலையோடு வந்தார். துறை வரைக்கும் எங்களோடு நடந்து வந்து வழியனுப்பினார். லாஞ்சில் ஏறியபின் பெஞ்சில் எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அவர் அதில் கையைக்கூட வைக்கவில்லை. ஆற்றின் நடுவில் வரும்போது, "கூச்சப்பட்டுட்டேன் தம்பி" என்றார். எத்தனையோ தடவை அவரைப் பற்றி நாங்கள் எல்லோரும் ஆசையாகச் சொன்ன சொல். அன்று கேட்கச் சகிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் செய்த காரியத்தையும் சொல்லவேண்டும். நேரே சந்தைக்குப் போய், டோ மியாவின் கடை முன்னால், வாங்க வந்த ஜனங்கள் நிற்கும்போதே, எல்லாவற்றையும் சொன்னார். 'அவள் வரட்டுமா என்று கேட்டாள், நான் மாட்டேன் என்றேன், மோர் குடித்துவிட்டு வந்தேன்' என்று. தப்புத்தப்பான பர்மிய மொழியில், உரக்க. டோ மியா நாப்பி அள்ளும் கையை நிறுத்தவே இல்லை.

"கேட்டுட்டேன். போ ஸயா" என்றாள்.

அறுவடை முடிந்த சமயத்தில் ஒரு மாலை டோ மியா ஸ்டூடியோவின் பின்வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். கருவாடு வாங்கப் போவதாகச் சொல்லித் தம்பியின் சம்பான் படகில் கியாக்தானுக்குப் போயிருக்கிறாள். மேஸ்திரி கூலி ஆட்களோடு களத்தில் இருந்த பகல் வேளையில், தாயையும் குழந்தையையும் பாயால் மூடிக் கூட்டி வந்துவிட்டாள். இப்போது அவர்கள் தாமுவே பேட்டையில் அவளுடைய அக்காள் வீட்டில் இருந்தார்கள். ரயிலேற்றி வெளியூருக்கு அனுப்பவேண்டும்.

"உங்க ஆளு யாராவது அண்ணன்னு சொல்லிக் கூடப் போனா நல்லது. வர்றியா?"

"வர்றேன்" என்றேன். யோசித்தால் பழையபடி ஆகிவிடும் என்று உடனே சொன்னேன்.

"ஸயாகிட்ட எந்த ஊருன்னு சொல்லாதே. அவர் கெட்டவர் இல்லை. யாராவது நல்லவிதமாப் பேசிக் கேட்டா சொல்லிடுவார்."

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தேன். ரயில் கரி சட்டையெல்லாம் அப்பியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போனார்.

மேஸ்திரி அந்த வாரமே ஸ்டூடியோவுக்கு வந்தார். இந்தத் தடவை குடையை மடக்கவில்லை. போட்டோக்காரர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "எங்க இருக்கா சொல்லு!" என்று கத்தினார். இவர் ஒதுங்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. "தெரியாதுங்க" என்றார். "தெரியாதுங்க, சத்தியமாத் தெரியாதுங்க." பொய் சொல்லத் தெரியாத முகம். மேஸ்திரியே நம்பிவிட்டார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் ஒரு கல்யாண ஜோடியின் தகட்டில் குனிந்து புருவம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் நான்கு வருஷம் நாங்கள் அந்த அறையில் இருந்தோம். அவர் வீதியில் படம் எடுக்கப் போகவில்லை. கைக்கேமராவுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். எனக்கு எப்போதாவது அந்த ஊரிலிருந்து ஆள் மூலம் சேதி வரும். வந்தவர் பேசத் தொடங்கினால் இவர் துண்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவார்.

கடைசியில் நெஞ்சு வலி கண்டு ஊருக்குக் கிளம்பினார். துறைமுகத்தில் கப்பல் ஏற்றிவிடப் போனேன். மூட்டையும் முடிச்சுமாக ஒரே ஜனக்கூட்டம். இனி இந்த மனிதரைப் பார்க்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெண் பிள்ளை பர்மியப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது, செங்கமலம் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள், பயப்படாமல் போங்கள் என்று சொல்லிவிட நினைத்தேன்.

"அண்ணே, அவங்க இருக்கறது..."

சட்டென்று அவர் கை என் வாயை மூடியது. இருட்டறை மருந்து நெடி அடிக்கும் உள்ளங்கை. அத்தனை பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரன்கூட என்னவோ ஏதோ என்று நெருங்கி வந்தான். அவர் யாரையும் பார்க்கவில்லை. கப்பலின் சங்கு ஊதி ஓயும்வரை கையை எடுக்கவே இல்லை.

எடுத்ததும், கும்பிட்டுவிட்டுப் போய்க் கூட்டத்தோடு ஏறிவிட்டார்.